எட்வின் டியாஸின் விலையை இன்னிங்ஸ் கணக்கில் அளக்க முடியாது

பேஸ்பால் பந்தெறிபவர் எட்வின் டியாஸ் நியூயார்க் மெட்ஸ் அணியை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியில் சேர்கிறார் என்று 2025 டிசம்பரில் செய்தி வந்த நாள் முதல், நானும் என் மைத்துனரும் இதைப் பற்றி வாதிடாமல் ஒரு வார இறுதியும் கழியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு 6.9 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 2.3 கோடி டாலர். ரிலீவராக, ஆட்டத்தின் பிற்பகுதியில் மட்டும் பந்தெறியும் ஒருவருக்கு இவ்வளவு பெரிய ஆண்டுச் சம்பளம் இதற்கு முன் பேசப்பட்டதில்லை. மைத்துனர் டாட்ஜர்ஸ் ரசிகர். ஆனாலும் தம் அணி பணத்தை வீணாக்கிவிட்டது என்கிறார். நான் க்வீன்ஸில் குடியிருக்கும் மெட்ஸ் ரசிகன். எங்கள் அணி அவரைப் போகவிட்டதுதான் பிழை என்கிறேன். வாதத்தை வாய்ப்பேச்சோடு விட்டுவிட மனம் வராததால், என் பக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேஸ்பாலைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்று சொல்ல வேண்டும். ஓர் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது; ஒவ்வொன்றிலும் இரு அணிகளும் மாறி மாறி, மூன்று அவுட் ஆகும்வரை மட்டை பிடிக்கும். முதல் ஐந்தாறு இன்னிங்ஸை ஸ்டார்ட்டர் எறிவார். அதன்பின் ரிலீவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அணி சிறிய வித்தியாசத்தில் முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸை எறிந்து முடிப்பவரை க்ளோசர் என்பார்கள். கிரிக்கெட்டில் பன்னிரண்டு ரன்னைக் காக்கக் கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி எழும்போது தலைவர் தேடும் ஆள் போன்றவர் அவர். மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் முன்னிலையைக் கடைசி இன்னிங்ஸில் காத்துக்கொடுத்தால் அவர் பெயரில் ஒரு ‘சேவ்’ பதிவாகும். ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ விளையாட்டு எழுத்தாளர் உருவாக்கிய இந்தக் கணக்கு 1969இல்தான் அதிகாரபூர்வமானது.

மைத்துனரின் வாதம் எளிமையானது. ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸ் எறிய வேண்டும். டியாஸ் 2025இல் எறிந்தது 66 இன்னிங்ஸும் ஓர் அவுட்டும். நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லாத வேலைக்கு 2.3 கோடி டாலரா என்று கேட்கிறார். அத்துடன், சம்பளச் செலவில் வரம்பைத் தாண்டும் அணிகள் கட்டும் ஆடம்பர வரியும் உண்டு. டாட்ஜர்ஸ் போல வரம்பை ஆண்டுதோறும் வெகுவாகத் தாண்டும் அணி, உச்ச வரம்புக்கு மேல் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் பத்து சென்ட் வரி கட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த ஒப்பந்தத்தின் உண்மையான செலவு சம்பளத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. போதாததற்கு, மெட்ஸ் முன்வைத்த ஓராண்டு ‘குவாலிஃபையிங் ஆஃபர்’ சம்பளத்தை டியாஸ் மறுத்துவிட்டு வந்தவர் என்பதால், அவரைச் சேர்த்த அணி அடுத்த டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) இரண்டு தேர்வுகளையும் இழக்கிறது.

இந்தக் கணக்கில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் 1,450 இன்னிங்ஸும் ஒரே எடை கொண்டவை என்று அது வைத்துக்கொள்கிறதே, அங்கேதான் நான் விலகுகிறேன். ஏழு ரன் முன்னிலையில் எறியும் ஆறாவது இன்னிங்ஸும், ஒரு ரன் முன்னிலையில் எதிரணியின் முதல் மூன்று மட்டையாளர்களுக்கு எதிராக எறியும் ஒன்பதாவது இன்னிங்ஸும் ஏட்டில் ஒன்றுபோலத்தான் ஏறும். ஆட்டத்தின் வெற்றி தோல்வி எவ்வளவு தொங்குகிறது என்று பார்த்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. டியாஸுக்குக் கொடுக்கும் பணம் அந்த இரண்டாவது வகை இன்னிங்ஸுக்கான பணம்.

2022இல் அவர் எறிந்ததை அரங்கில் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 62 இன்னிங்ஸில் அவர் எடுத்த 186 அவுட்டுகளில் 118 ஸ்ட்ரைக்அவுட். அதாவது மட்டையாளர் பந்தைக் களத்துக்குள் அடிக்காமலேயே திரும்பியவை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.31. எங்கள் அரங்கமான சிட்டி ஃபீல்டில் ட்ரம்பெட் முழங்க, ரிலீவர்கள் காத்திருக்கும் புல்பென்னிலிருந்து அவர் ஓடி வரும்போது எதிரணி ரசிகர்கள்கூட எழுந்து நிற்பார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, அந்த இசையை வாசித்த ஆஸ்திரேலியக் கலைஞரே நேரில் வந்து மைதானத்தில் வாசிக்க, டியாஸ் வந்து 2–1 என்ற முன்னிலையைக் காத்து முடித்தார். அன்று எதிரே ஆடிய அணி டாட்ஜர்ஸ்தான்.

அந்த ஆட்டங்களின் மயக்கத்தில் நான் பேசவில்லை. இதே டியாஸ் எங்களை எவ்வளவு கலங்க வைத்திருக்கிறார் என்பதும் நினைவில் இருக்கிறது. 2018இல் சியாட்டில் மெரினர்ஸுக்காக 57 சேவ் எடுத்த கையோடு எங்களிடம் வந்தவர், 2019இல் 58 இன்னிங்ஸில் 15 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) கொடுத்தார், சராசரி 5.59. அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று வாஷிங்டனில் ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி தொடங்கும்போது நாங்கள் 10–4 என முன்னிலையில் இருந்தோம். கர்ட் சுசூகி டியாஸின் பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடிக்க, 11–10 என்று தோற்றோம். அன்றிரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெகுநேரம் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ரிலீவர் என்பவர் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுவார் என்பதை அவரை வைத்தே கற்றுக்கொண்டவர்கள் நாங்கள்.

அதனால்தான் என் வாதம் ஆண்டுச் சம்பளத்தைப் பற்றியதாக இல்லாமல் ஒப்பந்தத்தின் நீளத்தைப் பற்றியதாக இருக்கிறது. 2022 நவம்பரில் மெட்ஸ் அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 10.2 கோடி டாலர் கொடுத்தபோது, ஒரு ரிலீவரின் ஒப்பந்தம் பத்துக் கோடியைத் தாண்டியது அதுவே முதல் முறை. அதற்கு முன் உச்சத்தில் இருந்தது 2016 டிசம்பரில் யாங்கீஸ் அரோல்டிஸ் சாப்மனுக்குக் கொடுத்த 8.6 கோடி. அன்று எங்கள் ரசிகர் கூட்டமே கொண்டாடியபோது நான் தயங்கினேன், இன்றும் அந்தத் தயக்கம் சரி என்றே நினைக்கிறேன். பிட்சரின், அதாவது பந்தெறிபவரின், தோளும் முழங்கையும் முழங்காலும் ஐந்து ஆண்டுகளுக்கு வாக்குக் கொடுப்பதில்லை.

இந்த வரலாறு நீண்டது. 1984 டிசம்பரில் புரூஸ் சட்டரை அட்லாண்டா பிரேவ்ஸ் ஆறு ஆண்டுகளுக்கு எடுத்தது. அவர் அன்று ஆட்டத்தின் மிகச் சிறந்த ரிலீவர்; பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர். தோள் கெட்டுப்போய், அந்த அணிக்காக அவர் எடுத்தது மொத்தம் 40 சேவ். 2005இல் டொராண்டோ புளூ ஜேஸ் பி.ஜே. ரையனுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 4.7 கோடி கொடுத்தது. முதல் ஆண்டில் சராசரி 1.37, இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே முழங்கையில் அறுவைச் சிகிச்சை, ஒப்பந்தம் முடியும் முன்பே விடுவிப்பு. 2016 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் மார்க் மெலன்சனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 6.2 கோடி கொடுத்த கதையும் ஏறத்தாழ இதுவே. வேட் டேவிஸ் கொலராடோவில் முதல் ஆண்டு 43 சேவ் எடுத்து, அடுத்த ஆண்டே 8.65 என்ற சராசரிக்கு விழுந்தார்.

டியாஸுக்கு நேர்ந்ததோ யாரும் கணக்கில் கொண்டுவர முடியாத ஒன்று. 2023 மார்ச் 15 அன்று மயாமியில், உலக பேஸ்பால் கிளாசிக்கில் புவேர்ட்டோ ரிக்கோவுக்காக எறிந்து டொமினிக்கன் குடியரசை வீழ்த்திய அடுத்த நிமிடம், சக வீரர்களோடு குதித்துக் கொண்டாடும்போது வலது முழங்கால் தசைநாண் அறுந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. போட்டிக்கென எடுத்திருந்த காப்பீடு அவருடைய சம்பளத்தை ஈடுகட்டியது என்றாலும், பருவத்தை யாரும் திருப்பித் தர முடியவில்லை. மெட்ஸ் 75 வெற்றி, 87 தோல்வியோடு முடித்தது. ஒரே ஒரு பிட்சர் இல்லாததால் அவ்வளவும் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டாவது இன்னிங்ஸுக்கு என்று இருந்தவர் ஒன்பதாவதுக்கும், ஏழாவதுக்கு இருந்தவர் எட்டாவதுக்கும் நகர, ஒவ்வொருவரும் தம் தகுதிக்கு ஒரு படி மேலான வேலையைச் செய்ய வேண்டியிருந்ததை அந்த ஆண்டு முழுவதும் பார்த்தேன். க்ளோசரின் மதிப்பில் பாதி அவருக்கு முன்னால் எறிபவர்களின் நிம்மதியில் இருக்கிறது. அது எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் பெயரில் ஏறுவதில்லை.

இங்கே மைத்துனர் தம் வலுவான அம்பை எடுக்கிறார். சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் கடைசி இன்னிங்ஸை 2024இல் யாங்கீ ஸ்டேடியத்தில் எறிந்தவர் வாக்கர் பியூலர், அவர் ஸ்டார்ட்டர். 2025 நவம்பர் 1 அன்று டொராண்டோவில் அந்த ஆண்டுத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை முடித்தவர் யோஷினோபு யமமோட்டோ. அவரும் ஸ்டார்ட்டர், அதுவும் முந்தைய இரவு 96 பந்து எறிந்துவிட்டு வந்தவர். இரண்டு கோப்பைகளையும் க்ளோசர் இல்லாமலேயே வென்ற அணிக்கு 2.3 கோடிக்கு ஒரு க்ளோசர் எதற்கு? போதாக்குறைக்கு அதற்கு முந்தைய குளிர்காலத்தில் டானர் ஸ்காட்டுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 7.2 கோடி கொடுத்து, அவர் பத்து முன்னிலைகளைக் காக்கத் தவறியதையும் பார்த்தாயிற்று.

இது நல்ல கேள்வி. நான் பல நாள் யோசித்த கேள்வி. அதே ஏழாவது ஆட்டத்தை மறுபக்கத்திலிருந்து பார்க்கும்படி அவரிடம் சொன்னேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் புளூ ஜேஸ் 4–3 என முன்னிலையில் இருந்தது. 1993க்குப் பிறகு முதல் கோப்பைக்கு இன்னும் இரண்டே அவுட் தேவை. க்ளோசர் ஜெஃப் ஹாஃப்மனின் பந்தை, ஆட்ட வரிசையில் ஒன்பதாவதாக இறங்கிய மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன்னாக அடித்தார். ஒரே ஒரு ஸ்லைடர், பக்கவாட்டில் வளையும் பந்து. பதினோராவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 5–4 என வென்றது. டாட்ஜர்ஸ் க்ளோசர் இல்லாமல் வென்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டொராண்டோ தோற்றதற்கான கணத்தில் பந்து க்ளோசரின் கையில்தான் இருந்தது என்பதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

யமமோட்டோவுக்கு 12 ஆண்டுகளுக்கு 32.5 கோடி டாலர் ஒப்பந்தம் இருக்கிறது. அவரை அடுத்தடுத்த நாட்களில் எறிய வைப்பது ஒரு நவம்பர் இரவுக்குப் பொருந்தும். அதையே ஆண்டுதோறும் திட்டமாக வைத்துக்கொள்ள எந்தப் பொறுப்பான அணியும் துணியாது. அவருடைய கையைக் காப்பாற்றும் செலவாகவும் டியாஸின் சம்பளத்தை நான் பார்க்கிறேன்.

விலை உயர்ந்த க்ளோசரை வாங்கினால் மட்டும் போதாது, அவரை எப்போது எறிய வைப்பது என்று மேலாளருக்குத் தெரிய வேண்டும். தோற்றால் வெளியேற வேண்டிய 2016 வைல்ட் கார்டு ஆட்டத்தில் பால்டிமோர் ஓரியோல்ஸ் மேலாளர் பக் ஷோவால்டர், அந்த ஆண்டு 47 வாய்ப்பில் 47 சேவ் எடுத்திருந்த சாக் பிரிட்டனை, முன்னிலை கிடைக்கட்டும் என்று புல்பென்னிலேயே உட்கார வைத்திருந்தார். முன்னிலை வரவே இல்லை. பதினோராவது இன்னிங்ஸில் வேறொருவர் எறிந்த பந்தில் எட்வின் என்கார்னாசியோன் ஆட்டத்தை முடித்துவிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து அதே ஷோவால்டர் மெட்ஸ் மேலாளராக, சான் டியேகோ பாட்ரேஸுக்கு எதிரான பிளே-ஆஃப் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், 3–2 என்ற முன்னிலையில் டியாஸை ஏழாவது இன்னிங்ஸிலேயே கொண்டுவந்தார், நாங்கள் வென்றோம். 2024இலும் மில்வாக்கியில் டியாஸ் ஏழாவது இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை நிலைநிறுத்த, கடைசி இன்னிங்ஸை ஸ்டார்ட்டர் டேவிட் பீட்டர்சன் முடித்தார். சேவ் என்ற கணக்கை மறந்துவிட்டு ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே அவரைப் பயன்படுத்தும்போதுதான் அந்தப் பணம் முழுமையாகத் திரும்பக் கிடைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அந்த மில்வாக்கி ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் பீட் அலான்சோவிடம் மூன்று ரன் ஹோம் ரன் வாங்கிய க்ளோசர் டெவின் வில்லியம்ஸ். இப்போது டியாஸின் இடத்துக்கு மெட்ஸ் எடுத்திருப்பதும் அவரைத்தான்: மூன்று ஆண்டுகளுக்கு 5.1 கோடி. வில்லியம்ஸ் திறமையானவர், அவருடைய சேஞ்சப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. 2025இல் யாங்கீஸுக்காக 4.79 என்ற சராசரியில் எறிந்தவர் மீண்டும் பழைய நிலைக்கு வருவார் என்று நம்புவதற்குக் காரணங்களும் இருக்கின்றன. ஆனால் அதே ஆண்டு டியாஸின் சராசரி 1.63; காக்க வேண்டிய 31 முன்னிலைகளில் 28 சேவ். நாங்கள் பருவத்தின் கடைசி நாளில் மயாமியிடம் தோற்று, 83 வெற்றியோடு பிளே-ஆஃபைத் தவறவிட்டோம். ஒரே ஒரு வெற்றி கூடுதலாக இருந்திருந்தால் கதையே வேறு. அப்படிப்பட்ட ஆண்டுக்குப் பிறகு, வேலையைச் சரியாகச் செய்தவரை விட்டுவிட்டு, ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் மிச்சம் பிடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்று ஆண்டு என்பது நான் 2022இலேயே கேட்ட நீளம். ஐந்து ஆண்டு கொடுக்கத் துணிந்த அணி, அதே மனிதர் முழங்காலைச் சரிசெய்து, வேகத்தையும் ஸ்லைடரையும் மீட்டு, பொறுமையாகத் தன்னை நிரூபித்த பிறகு மூன்று ஆண்டுக்குத் தக்கவைத்துக்கொள்ளத் தவறியது. மைத்துனர் இன்னும் தம் ஐந்து சதவீதக் கணக்கோடுதான் இருக்கிறார். டாட்ஜர்ஸ் சிட்டி ஃபீல்டுக்கு வரும்போது இருவரும் சேர்ந்து 7ஆம் எண் ரயிலில் போவதாக முடிவு செய்திருக்கிறோம். ஒன்பதாவது இன்னிங்ஸில் டியாஸ் எங்களுக்கு எதிராக ஓடி வந்தால், நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.