இன்சூரன்ஸ் இருக்கா?

அம்மாவை ஸ்ட்ரெச்சரில் இறக்கியதும் கவுண்ட்டரில் கேட்ட முதல் கேள்வி இது. எப்படி விழுந்தார், சுகர் உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதெல்லாம் அப்புறம்தான். இருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போது ஒரு தெம்பு வந்தது உண்மை. ஏழு வருடமாக ஒரு தவணைகூடத் தவறாமல் பிரீமியம் கட்டி வந்திருக்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் கடையிலும் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே பேச்சு: எந்த பாலிசி நல்லது, எத்தனை லட்சத்துக்கு எடுக்கலாம். வரி போனது நல்லதுதான். ஆனால் பாலிசியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு பில்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த பில்லைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மா செக்கானூரணியில் இருக்கிறார், வயது 64. போன ஆவணியில் வாசலில் கோலம் போட்டுவிட்டு எழும்போது வழுக்கி விழுந்தார். இடுப்பை ஒட்டித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது, டாக்டரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஐந்து நாளைக்கு பில் 2,40,000 ரூபாய். என் பாலிசி மூன்று லட்சம். எல்லாம் அதற்குள் அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். வந்தது 1,57,000. மீதி 83,000 நான் கட்ட வேண்டும்.

ஏன் என்று அன்று ராத்திரி உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். என் பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு நாளைக்கு 3,000. காலியாக இருந்தது 6,000 ரூபாய் அறை மட்டும்தான் என்றார்கள், வலியில் துடிக்கிற அம்மாவை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? சரி, வாடகையில் நாளைக்கு 3,000 வீதம் 15,000 நம் கையைக் கடிக்கும், அவ்வளவுதானே என்று கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் இல்லை. வாடகையில் பாதிதான் தருவோம் என்றால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் சார்ஜ் எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்களாம். அந்த வகையில் 1,08,000-க்கு 54,000 போயிற்று. மருந்து, உள்ளே வைத்த பிளேட், டெஸ்ட் ஆகியவற்றில் இப்படி வெட்டக்கூடாது என்று விதி இருப்பதால் அந்த 88,000 தப்பித்தது. கையுறை, பஞ்சு என்று எழுதியிருந்த 14,000-க்கு ஒரு பைசாகூடக் கிடையாது. இது எல்லாமே பாலிசித் தாளில் பொடி எழுத்தில் இருக்கிறது. நாள் முழுக்கக் கணக்கோடு கிடக்கிற எனக்கே அது பிடிபடவில்லை. காட்டு வேலைக்குப் போகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த தம்பிக்கு இது தெரியும். அறைக்குக் கையெழுத்து வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

டிஸ்சார்ஜ் அன்று காலை பத்து மணிக்கே கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்து ஒட்டிவிட்டார்கள். அம்மா சேலை மாற்றி, ஃபிளாஸ்க்கையும் டம்ளரையும் கூடையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-லேயே சொல்லிவிட்டது. அதை எடுத்துச் சொன்னேன். “மேல இருந்து வரணும்ணே, நான் என்ன செய்ய” என்றான் அந்தத் தம்பி. வந்தபோது மணி சாயங்காலம் ஏழரை. 83,000-க்கு வழி தேடி நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா பாத்ரூம் சோப்பைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு வளையலையும் கழற்றினார். நாற்பது வருடம் கழற்றாத வளையல். மணிக்கட்டில் தோல் வெளுத்து ஒரு பட்டை தெரிந்தது.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. பக்கத்து அறையில் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா. அதே முறிவு, அதே டாக்டர், அதே ஐந்து நாள். அவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. மகன் பேசிக் குறைத்து ரொக்கமாகக் கட்டியது 1,45,000. அதாவது என் பில்லைவிட 95,000 குறைவு. அவர் கட்டிய தொகையே என் பில்லாக இருந்திருந்தால் அம்மாவின் வளையல் ஒருவேளை கையிலேயே இருந்திருக்கும். இன்சூரன்ஸ் இருக்கா என்று எதற்காக முதலில் கேட்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இப்படி ஏறுகிற பில்லுக்கெல்லாம் அடுத்த வருடம் பிரீமியத்தில் நாம்தான் காசு கட்டுகிறோம்.

விலையை நிர்ணயிக்க முடியாது, ஒவ்வொரு நோயாளியும் ஒவ்வொரு மாதிரி என்பார்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். ஆனால் 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு, அதாவது அடைத்த ரத்தக்குழாயை விரித்து வைக்கிற சிறு வலைக்குழாய்க்கு, மத்திய அரசு உச்சவிலை வைத்தது. லட்சத்தைத் தாண்டியும் விற்றுக்கொண்டிருந்த மருந்து தடவிய ஸ்டென்ட் 29,600-க்கு வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் உச்சவிலை வந்தது. ஆஸ்பத்திரிகள் ஒன்றும் மூடிவிடவில்லை.

நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள், நோயாளியிடம் அதற்கு மேல் வாங்கக்கூடாது. அந்தத் தொகை கட்டுப்படியாகவில்லை என்று தனியார் ஆஸ்பத்திரிகள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். அப்படியானால் உண்மையான செலவு எவ்வளவு என்று வெளியே வைக்கட்டும், பேசுவோம். ஏழைக்கு ஒரு ஆபரேஷனுக்கு விலை போட முடிகிற அரசால் எனக்கு ஏன் போட முடியவில்லை?

அந்தத் திட்டத்தின் கார்டு எனக்குக் கிடையாது. 2009-ல் ஒரு லட்ச ரூபாய் காப்பீடாகத் தொடங்கி இன்று ஐந்து லட்சம் வரை வந்திருக்கிற நல்ல திட்டம். ஆனால் குடும்ப வருமான வரம்பு வருடத்துக்கு 1,20,000. முன்பு 72,000 ஆக இருந்ததை உயர்த்தித்தான் இது. மாதம் பத்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினால் வெளியே. மாசி வீதிகளில் கடைக்குக் கடை நிற்கிற எங்களை மாதிரி ஆட்கள் எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் கிடக்கிறோம்.

உசிலம்பட்டிச் சித்தப்பாவுக்குக் கார்டு உண்டு, கொத்தனார் வேலை. அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது மதுரை அரசு பெரியாஸ்பத்திரியில்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு பைசா செலவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அரசு ஆஸ்பத்திரியில் இந்தத் திட்டத்தில் சிகிச்சை நடந்தால் காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வருகிறது. ராமநாதபுரம், சிவகங்கை, தேனி, விருதுநகர் என்று எத்தனை மாவட்டத்துச் சனம் பெரியாஸ்பத்திரியை நம்பி பஸ் ஏறி வருகிறது! அந்தப் பணத்தில் அங்கே பெட்டும் ஆளும் கூடினால் அது அடுத்து வருகிறவருக்கும் ஆகும். பெட்டும் ஆளும் அங்கே போதுமான அளவு இருந்திருந்தால் நானும் தனியார் வாசலுக்குப் போயிருக்க மாட்டேன்.

நாங்கள் முந்நூறு ரூபாய் துண்டுக்குக்கூட விலைச்சீட்டு ஒட்டுகிறோம். ஒரு ஆபரேஷனுக்கு என்ன விலை, இன்சூரன்ஸ் இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் தமிழில் பலகை வைக்கச் சட்டம் வேண்டும். ஒரே விலையாக இருந்தால் இன்னும் நல்லது. தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் இதைத்தான் கேட்கப் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் பழைய பில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். என்ன ஆபரேஷன், மொத்தம் எவ்வளவு, இன்சூரன்ஸ் தந்தது எவ்வளவு, கையிலிருந்து போனது எவ்வளவு. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், இந்த நான்கு விவரத்தை மட்டும் கமெண்ட்டில் போடுங்கள். நான் வரிசையாக எழுதி வைக்கிறேன்.