கணக்குல வாடகை ஒரு வரி தான் தம்பி

அந்த லைவ் வீடியோவ இனிமே யாரும் எனக்கு அனுப்பாதீங்க. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பதினோரு பேரு அனுப்பிட்டீங்க, பாத்துட்டேன், முழுசா பாத்துட்டேன். நீச்சல் குளத்துல கால தொங்கப்போட்டுக்கிட்டு "உட்லண்ட்ஸ்ல 2,600 வெள்ளி வாடகை கட்டுறவங்கள நெனச்சா பாவமா இருக்கு மக்களே, பாலத்துக்கு அந்தப் பக்கம் வாங்க"ன்னு சொன்னாரே, அந்தத் தம்பியோடது தான். அந்தப் பக்கம்னா மலேசியாவுல ஜொகூர் பாரு, நாங்க ஜேபின்னு சொல்வோம். அங்க குடியிருந்துக்கிட்டு தெனமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்கு வரணுமாம். கீழ நான் ஒரே ஒரு கமெண்ட் போட்டேன். "காலையில எத்தன மணிக்கு எந்திரிக்கிறீங்க தம்பி?" அவ்ளோ தான். மரியாதையா தான் கேட்டேன். அதுக்கு வந்த பதில நீங்களும் பாத்திருப்பீங்க. "கணக்கு தெரியாத அக்காக்களுக்கு என்ன சொன்னாலும் புரியாது", பக்கத்துல சிரிக்கிற பொம்ம மூணு. அதுக்கு எரநூறு லைக்கு. லைக் போட்டதுல நாலு பேரு போன தீபாவளிக்கு என் வீட்ல உக்காந்து முறுக்கு சாப்ட்டவங்க.

நான் பதினாலு வருஷமா அக்கவுண்ட்ஸ்ல தான் வேல பாக்குறேன் தம்பி. கணக்கு தெரியாதுன்னு என்னப் பாத்து சொன்ன மொத ஆளு நீங்க தான். சரி, கணக்கே பேசுவோம்.

நாங்க இருக்குறது சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல மூணு ரூம் வீடு (பேரு தான் மூணு, படுக்குறதுக்கு ரெண்டு). வாடகை 2,650. ஜேபில அவரு காட்டுன மாதிரி வீடு 2,400 ரிங்கிட்டுன்னு வச்சுக்குவோம், நம்ம காசுக்கு 750 வெள்ளிக்குப் பக்கத்துல வரும். மாசம் 1,900 மிச்சம். பெரிய தொகை தான், யாரு இல்லேன்னா? அவருக்கு கணக்கு இந்த இடத்துல முடிஞ்சிடுது, காமெராவ குளத்துப் பக்கம் திருப்பிடுறாரு. எனக்கு இங்க தான் ஆரம்பிக்குது. அங்க வீட்லேர்ந்து எல்லை செக்பாயிண்ட் வரைக்கும் கிராப் டாக்ஸி, பஸ்ஸு, ரெண்டு பேருக்கும் போக வர, மாசம் 300 வெள்ளின்னு கொறச்சே போடுறேன். எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கூட எட்டரைக்கு முன்னாடி வீடு வந்து சேர முடியாது, அது வரைக்கும் பிள்ளைய வச்சுக்க ஒரு ஆளு, அதுக்கு ஒரு 375. மிச்சம் 1,225. இப்ப நேரத்த எழுதுங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணரை மணி நேரம் கூடுதல், ரெண்டு பேருக்கு ஏழு, மாசத்துக்கு 22 நாள், 154 மணி நேரம். வகுத்துப் பாத்தா மணிக்கு எட்டு வெள்ளி கூட வரல. அதாவது என் தூக்கத்தையும் என் வீட்டுக்காரரு தூக்கத்தையும் மணிக்கு எட்டு வெள்ளிக்கு விக்கச் சொல்றாரு அந்தத் தம்பி. வாடகைங்கறது ஒரு வரி தான் தம்பி. அந்த ஒரு வரிய மட்டும் எழுதிட்டு பேலன்ஸ் ஷீட்டுன்னு நீட்டுனா எங்க ஆபீஸ்ல அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

இவ்ளோ கணக்கும் போட்டப்புறம் தான் எனக்கே ஒறைச்சுது, எங்களால அங்க குடியிருக்கவே முடியாது! எங்க கையில இருக்குறது இந்தியா பாஸ்போர்ட்டு. 2023 டிசம்பர்லேர்ந்து மலேசியா நமக்கு விசா இல்லாம 30 நாள் விடுறாங்க, வாஸ்தவம் தான், ஆனா அது சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு, குடும்பம் நடத்த இல்ல. தெனமும் காலையில வெளிய வந்து ராத்திரி "சுற்றுலா"ன்னு சொல்லிட்டு உள்ள போனா எத்தன நாளைக்கு விடுவாங்க? அவரு வீடியோவ பாக்குறவங்கள்ல பாதிக்கு மேல எங்கள மாதிரி வேல அனுமதி பாஸ்ல இருக்குறவங்களா தான் இருக்கும். அதப் பத்தி ஒரு வார்த்த கிடையாது. வாங்க மக்களேன்னா எப்பிடி வர்றது, நீந்தியா?

"அப்ப மூணு லட்சம் பேரு அங்கேர்ந்து வந்துட்டு தானே இருக்காங்க, அவங்கல்லாம் முட்டாளா"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல. எண்ணிக்க எங்கேர்ந்து எடுத்தாருன்னு கேக்கல. ஆனா நான் எந்த இடத்துலயும் அவங்கள முட்டாள்னு சொல்லல. என்கூட வேல பாக்குற அக்கா ஒருத்தங்க ஜேபி பக்கத்துல மாசாயிலேர்ந்து வர்றாங்க. மலேசியத் தமிழ். அவங்க பொறந்த ஊரு அது, அவங்கம்மா அங்க இருக்காங்க, வீடு சொந்தம். அவங்க வர்றது வேற. ஆனா அவங்க கிட்ட போய் "குடுத்து வச்சவங்க நீங்க, வாடகை மிச்சம்"னு சொல்லிப் பாருங்க, வாங்கிக் கட்டிக்குவீங்க.

போன வருஷம் அவங்க வீட்டு விசேஷத்துக்குப் போய்ட்டு, ஞாயிறு ராத்திரி அங்கயே தங்கி திங்கக்கிழம அவங்களோடயே வேலைக்கு வந்தேன். மூணே முக்காலுக்கு எழுப்புனாங்க. நான் ஏதோ வீட்ல யாருக்கோ முடியலன்னு நெனச்சு பதறி எந்திரிச்சேன், அவங்க அமைதியா காப்பி கலந்துக்கிட்டு இருக்காங்க. இருட்டுல கெளம்பி ஜேபி செக்பாயிண்ட் போனா அங்க திருவிழா கூட்டம். ஆனா யாரும் பேசல. அத்தன ஆளு இருந்தும் செருப்பு சத்தம் மட்டும் தான் கேக்குது, எல்லாரும் ஒரே வேகத்துல ஓடுறாங்க, நான் நின்னா பின்னாடி இருந்தவரு மேல இடிச்சுட்டு சாரி கூட சொல்லாம போறாரு, அவர சொல்லிக் குத்தமில்ல. அந்தப் பக்கம் முத்திர, எறங்கி பஸ்ஸுக்கு வரிசை, பாலம் ஒரு கிலோமீட்டர் தான், அத தாண்டவே பஸ்ஸு ஊந்துது, இந்தப் பக்கம் எறங்கி திரும்ப வரிசை, திரும்ப பஸ்ஸு, அப்புறம் எம்ஆர்டி. தஞ்சோங் பகார் ஆபீஸுக்கு நாங்க வந்து சேர்றப்ப ஏழரை. வேல எட்டரைக்கு. அக்கா நேரா பேன்ட்ரிக்குப் போயி ரெண்டு நாற்காலிய சேத்துப் போட்டு ஒரு துண்ட மூஞ்சில போட்டுக்கிட்டு படுத்துட்டாங்க. நாலு வருஷமா தெனமும் அத நான் பாத்திருக்கேன், காலையில ஏன் இவங்களுக்கு இவ்ளோ தூக்கம்னு மனசுக்குள்ள கிண்டல் கூட பண்ணியிருக்கேன். அன்னைக்கு வெக்கமா இருந்துச்சு.

வர்ற வழியில பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்ட பிள்ளைங்களப் பாத்தேன். ஒரு பொண்ணு, எட்டு வயசு இருக்கும், நின்னுக்கிட்டே தூங்குது. அந்தக் கொழந்தையோட வரி எந்தக் கணக்குல வருது?

"ரயில் வருதே அக்கா"ன்னு சொல்வீங்க. வரட்டும். இந்தப் பக்கம் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் அந்தப் பக்கம் ஜேபில புக்கிட் சாகாருக்கும் நாலு கிலோமீட்டர், அஞ்சு நிமிஷம், மணிக்கு ஒரு பக்கம் 10,000 பேரு வரைக்கும் ஏத்தலாம், ரெண்டு நாட்டு குடிநுழைவும் ஏறுற எடத்துலயே முடிஞ்சிடும். நல்ல விஷயம், மனசாரச் சொல்றேன், அந்த அக்காவுக்கு விடிவு காலம். ஆனா ரயிலு அஞ்சு நிமிஷம்னா வேலைக்குப் போற நேரம் அஞ்சு நிமிஷம்னு அர்த்தமா? இப்ப பாலத்து மேல ஓடுற மலேசிய ரயில்வேயோட கேடிஎம் ஷட்டில் ரயிலும் அஞ்சு நிமிஷம் தான். அங்கேர்ந்து வர 5 ரிங்கிட்டு, இங்கேர்ந்து போக 5 வெள்ளி. டிக்கெட்டு கெடைக்கணுமே. அப்புறம் ரயில் வருதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே அந்தப் பக்க ஓனருங்க சும்மா இருப்பாங்களா, புக்கிட் சாகார் சுத்தி வாடகை ஏறிக்கிட்டே போகுதுன்னு அக்காவே பொலம்புறாங்க.

வீட்லேர்ந்தே வேல பாக்குறவங்களுக்கு? அவங்களுக்கு சரி. அவங்க போகட்டும்.

"உட்லண்ட்ஸும் தூரம் தானே, உங்களுக்கு மட்டும் என்ன"ன்னு கேட்டிருந்தா அது நியாயமான கேள்வி, அத யாரும் கேக்கல. நானே சொல்றேன். ஆமா, தூரம் தான். லிட்டில் இந்தியா பக்கம் தேக்கால இருக்குறவங்க எங்க வீட்டுக்கு வர்றதா இருந்தா "பாஸ்போர்ட் எடுத்துக்கவா"ன்னு கேப்பாங்க, ஒம்பது வருஷமா அதே ஜோக்கு. நாங்க இங்க வந்ததே என் வீட்டுக்காரருக்கு வேல செம்பவாங்ல, எனக்கு தஞ்சோங் பகார்ல, ரெண்டுக்கும் நடுவுல எடுக்க கையில காசு இல்ல. மொதல்ல எம்ஆர்டி சிவப்பு லைன்ல நின்னுக்கிட்டே போய்ட்டு வந்தேன். 2022 நவம்பர்ல தாம்சன் லைன் நகரத்துக்குள்ள வந்தப்புறம் ஆபீஸ் பக்கத்துல ஷென்டன் வே வரைக்கும் ஒரே ரயிலு, உக்காந்து கூட போகலாம், போக வர அஞ்சு வெள்ளிக்குள்ள முடிஞ்சிடும். புதுசா வர்றவங்க கேட்டா நான் ஊரு பேர வச்சு பாக்காதீங்கன்னு தான் சொல்வேன். ஈசூன்னா பயந்துக்குறாங்க, பொங்கோல்னா பறக்குறாங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்டுக் கதவுலேர்ந்து ஸ்டேஷனுக்கு நடக்க முடியுமா, இல்ல ஸ்டேஷனுக்குப் போற ஃபீடர் பஸ்ஸுக்கு நிக்கணுமா, அத திங்கக்கிழம காலையில ஏழே முக்காலுக்கு நீங்களே போய் நின்னு பாருங்க. ஏஜெண்ட் ஞாயித்துக்கிழம மத்தியானம் தான் வீடு காட்டுவாரு, அப்ப எல்லா ஊரும் சொர்க்கம் தான். சைல்டுகேர் ஏழு மணிக்கு மூடிடுவாங்க, அதுக்குள்ள ஓடி வர முடியுமா பாருங்க. முக்கியமா பொண்டாட்டிக்கு எங்க வேலன்னு பாருங்க. ஏன்னா அந்த வீடியோல தம்பியோட வீட்டுக்காரம்மா ஒரே ஒரு தடவ தான் வந்தாங்க, ஜூஸ் கொண்டு வந்து குடுத்துட்டு போய்ட்டாங்க. அவங்க எத்தன மணிக்கு எந்திரிச்சாங்கன்னு யாருக்கு தெரியும்.

இன்னொரு பெரியவரு, அவர நான் ரொம்ப மதிக்கிறேன், "அந்தக் காலத்துல எல்லாரும் தூரத்துல இருந்து தான் போய்ட்டு வந்தோம், இப்ப உள்ளவங்களுக்கு சொகுசு"ன்னு எழுதியிருக்காரு. ஐயா, எங்கப்பா போய்ட்டு வந்தாரு. சென்னையில வாடகை கட்டுப்படியாகலன்னு கூடுவாஞ்சேரில வீடு எடுத்தோம். பாரிமுனையில ஒரு பேப்பர் கடையில வேல. விடியக்காலம் ரயில் ஏறி தாம்பரத்துல மாறி கடற்கரை ஸ்டேஷன்ல எறங்கி, ராத்திரி ஒம்பதரைக்கு வருவாரு. நாங்க தூங்கியிருப்போம். எங்களுக்கு அப்பான்னா ஞாயித்துக்கிழம மத்தியானம் பாயில படுத்துருக்குற ஒரு முதுகு. வாடகை மிச்சம் புடிச்சு அங்கயே சின்னதா ஒரு வீடும் கட்டிட்டாரு, அதுல ஒண்ணும் கொற இல்ல. ரிட்டயர் ஆகி ஒம்பது வருஷம் ஆச்சு, இன்னும் நாலரைக்கு முழிப்பு வந்துடுது, அம்மாவ எழுப்பாம அவரே டீ போட்டு குடிச்சிட்டு வாசல்ல உக்காந்துக்குறாரு. புடிக்க ரயில் இல்ல. வீடியோ கால்ல என்கிட்ட என்ன பேசுறதுன்னு அவருக்குத் தெரியாது, சாப்டியாம்பாரு, அப்புறம் போன அம்மா கிட்ட குடுத்துடுவாரு. இத சொகுசுன்னு சொல்லுங்க, கேட்டுக்குறேன்.

எனக்கு கோவம் வந்தது ஜேபி மேல இல்ல. "சாய்ஸ் உங்க கையில"ன்னு முடிச்சாரே, அது மேல. என்ன சாய்ஸ்? இந்த வீடு எடுக்குறதுக்கு முன்னாடி நான் எத்தன ஏஜெண்டுக்கு போன் பண்ணேன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், 31. மலேசியர் இல்லாத வெளிநாட்டுக்காரங்களுக்கு முழு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்ட வாடகைக்கு விட வட்டாரத்துக்கு 8 சதவீதம், புளோக்குக்கு 11 சதவீதம்னு வரம்பு இருக்கு, அது சட்டம், அதுக்காக வீடு போனா வருத்தப்பட்டதே இல்ல. மத்தது தான். இனம் போட்டு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு ஆனப்புறம் விளம்பரத்துல எழுதுறது இல்ல, போன்ல கேக்குறாங்க. மொதக் கேள்வியே "என்ன ரேஸ்?" அடுத்தது "குக்கிங் ஹெவியா லைட்டா?" அட்மிரல்ட்டில ஒரு வீடு, பேரச் சொன்னதும் "சாரி, வேற ஆளுக்குப் போயிடுச்சு"ன்னாரு. சாயங்காலமும் விளம்பரம் அப்பிடியே கெடக்கு. என் சீனத் தோழிய பேசச் சொன்னேன், ஸ்பீக்கர்ல. "நாளைக்கு ஏழு மணிக்கு வந்து பாருங்க, இன்னும் யாரும் எடுக்கல"ன்னாரு. அவ என் மூஞ்சியப் பாக்காம போன வச்சா. அன்னைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா தான் சாப்ட்டோம், அதப் பத்தி பேசல. இன்னைக்கு வரைக்கும் பேசல.

"வீட்ட அழுக்காக்குற டெனண்ட்டால ஓனர் பயப்படுறாங்க, அவங்க பக்கமும் பாக்கணும்"னு சொல்ற நல்லவங்க இப்பவே டைப் பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க. பாத்தாச்சு. ஒம்பது வருஷமா ஸ்டவ்வுக்குப் பின்னாடி செவுத்துல அலுமினிய தாள் ஒட்டித்தான் தாளிக்கிறேன், போதுமா.

இப்ப இருக்குற வீட்டு ஓனர் ஒரு வயசான அம்மா. பிள்ளைக்கு எத்தன வயசுன்னு மட்டும் தான் கேட்டாங்க, சாவியக் குடுத்துட்டாங்க. இப்ப அவங்க பையன் பாத்துக்குறாரு, அடுத்த அக்ரிமெண்ட்டுக்கு 250 கூட கேக்குறாரு. ஸ்டாம்ப் டூட்டி, டெபாசிட்டுன்னு எல்லாத்தையும் எழுதிப் பாத்தாச்சு, தாங்காது.

அதனால மார்ச்சுக்குள்ள செம்பவாங் இல்ல கேன்பரா ஸ்டேஷனுக்கு நடக்குற தூரத்துல மூணு ரூம் வீடு யாருக்காவது தெரிஞ்சா இன்பாக்ஸ் பண்ணுங்க. 2,700க்குள்ள. நீச்சல் குளம் வேணாம். தெனமும் சாம்பார் கொதிக்கும், ஞாயித்துக்கிழம மீன் கொழம்பு, அத மட்டும் ஓனர் கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க, அப்புறம் நான் போன் பண்றேன்.