காவிரி நீர் 404.25 டி.எம்.சி. முழுவதும் கர்நாடகம் தர வேண்டியதா?

அண்ணே, 2018 காவிரித் தீர்ப்புப்படி கர்நாடகம் நமக்கு ஆண்டுக்கு 404.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எண் சரிதான், ஆனால் அது தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு. பவானி, அமராவதி, நம் பக்கத்து மழை எல்லாம் அதில் சேர்த்தி. சாதாரண மழை ஆண்டில் கர்நாடகத்திலிருந்து, எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டியது 177.25 டி.எம்.சி.

நானும் குறுவைக்கு நாற்று விட்டுவிட்டு மேட்டூர் மட்டத்தைப் போனில் பார்த்தபடி இருப்பவன்தான், கோபம் புரிகிறது.

உச்ச நீதிமன்ற இணையதளத்தில் 16.2.2018 தீர்ப்பைப் பாருங்கள். அப்புறம் காவிரி மேலாண்மை ஆணையத்தின் மாத அட்டவணையைக் கூட்டுங்கள்: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. கணக்கு 177.25-இல் வந்து நிற்கும்.