குப்பை பொறுக்குபவர் கையில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறதா?

குப்பை மேலாண்மைக்காகத் தொண்டு நிறுவனங்கள் கூட்டும் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் விழிப்புணர்வில் போய் நின்றுவிடுகிறது. பேரணி, துண்டறிக்கை, பச்சை நீலக் கூடைகள், உறுதிமொழி. இவை எதற்கும் நான் எதிரி இல்லை. ஆனால் மக்கள் பிரித்து வைத்த குப்பையை நாளைக் காலை யார் வந்து வாங்குவார், அவருக்குக் கூலி யார் தருவார் என்று முடிவு செய்யாமல் தொடங்கும் திட்டம் நிற்காது. பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கொட்டிக் கலப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அந்த வீட்டுக்காரர் மறுபடி பிரிக்கவே மாட்டார்.

உலக வங்கி 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016இல் உலக நகரங்களில் சேர்ந்த குப்பை சுமார் 201 கோடி டன். 2050இல் அது 340 கோடி டன்னைத் தொடும் என்கிறார்கள். இதில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பாகக் கையாளப்படுவதில்லை. ஏழை நாடுகளில் பெரும்பாலான குப்பை திறந்தவெளியில்தான் கொட்டப்படுகிறது, இல்லையென்றால் எரிக்கப்படுகிறது. அந்த மேடுகளில் இறங்கி, விலை போகும் பொருளை மீட்டெடுப்பது யார்? வேலைக்கான ஆணையோ கையுறையோ விடுப்போ இல்லாத மனிதர்கள். நாம் மறுசுழற்சி என்று பெருமையாகச் சொல்வதில் பெரும்பங்கு அவர்கள் முதுகில்தான் நடக்கிறது.

ஆகவே தொண்டு நிறுவனத்தின் முதல் வேலை அவர்களோடு நிற்பது. எப்படி நிற்பது என்பதற்கு நான் எப்போதும் புனேயைத்தான் காட்டுவேன். அங்கே குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் 1993இல் 'காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்து' என்ற தொழிற்சங்கத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் வயதுவந்தோர் கல்விப் பணியில் இருந்தவர்கள் அவர்களுக்குத் துணையாக இருந்தார்கள். முதலில் கேட்டது அடையாள அட்டை. கேட்க எளிய விஷயம்தான், ஆனால் அட்டை இல்லாதவரைக் காவலரும் குடியிருப்புக் காவலாளியும் திருடர் என்று விரட்டலாம். அட்டை இருந்தால் அவர் தொழிலாளி. 2008இல் அதே தொழிலாளர்கள் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பாகி, மாநகராட்சியுடன் ஒப்பந்தம் போட்டார்கள். வீடு வீடாகக் குப்பை வாங்குவது அவர்கள் பொறுப்பு. அதற்கான மாதக் கட்டணத்தை வீடுகள் நேரடியாகக் கொடுக்கும். விலை போகும் பொருளை விற்கும் உரிமையும் அவர்களுக்கே.

இந்தக் கட்டணத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. விற்றுவரும் காசிலேயே திட்டம் ஓடிவிடும் என்று கணக்குப் போடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். அட்டைப்பெட்டி, பெட் பாட்டில், இரும்பு, அலுமினியம் எல்லாம் விலை போகும், சரி. பல அடுக்குப் பிளாஸ்டிக் உறையை யார் வாங்குவார்? அழுக்கான காகிதத்தை யார் வாங்குவார்? 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவைச் சாத்தியதும் பல நாடுகளில் பழைய பொருள் சந்தையே ஆட்டம் கண்டது. அப்படி விலை விழுந்த மாதத்திலும் குப்பை என்னவோ அதே அளவுதான் சேரும். குப்பையை அள்ளுவது ஒரு சேவை, அந்தச் சேவைக்குக் கூலி உண்டு. விற்ற காசு அந்தக் கூலிக்குக் கூடுதலாக வருவதாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. எம்.பி. நிர்மல் 1989இல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற தொண்டு அமைப்பு, தெருவாசிகளைச் சேர்த்து, குப்பை பொறுக்கியவர்களையே மூன்று சக்கர வண்டியோடு வேலைக்கு வைத்து, வீடுகளிடம் மாதச் சந்தா வாங்கியது. எத்தனையோ தெருக்கள் சுத்தமாயின. அந்த முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் தெருமுனையைத் தாண்டிய குப்பையில் பெரும்பகுதி கடைசியில் போய்ச் சேர்ந்தது ஊருக்கு வெளியே கொட்டும் அதே குப்பைக் கிடங்குக்குத்தான்.

எகிப்தின் கெய்ரோ நகரம் சொல்வது இன்னும் கசப்பானது. அங்கே 'ஸபாலீன்' என்னும் சமூகத்தார் பல பத்தாண்டுகளாக வீட்டுப் படியேறிக் குப்பை வாங்கி, அதில் 80 விழுக்காடு வரை மீட்டெடுத்தார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2003 வாக்கில் அரசு அந்த வேலையை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தது. அந்த ஒப்பந்தங்கள் கேட்ட மறுசுழற்சி அளவோ வெறும் 20 விழுக்காடு. 2009இல் பன்றிக்காய்ச்சல் பீதியில், உணவுக் கழிவைத் தின்று தீர்த்த அவர்களுடைய பன்றிகளையும் கொன்றார்கள். உணவுக் கழிவு தெருக்களில் குவிந்தது. அத்தனை திறமையும் உழைப்பும் இருந்தும் எழுத்தில் ஓர் உரிமை இல்லாததால் அவர்களைத் தூக்கி எறிவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஈரக் குப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருமானம் குறைந்த நாடுகளின் குப்பையில் பாதிக்கு மேல் இதுதான். கிடங்கில் காற்றில்லாமல் அழுகினால் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு, கூடவே நிலத்தடி நீரைக் கெடுக்கும் கசிவுநீர். அந்தந்தப் பகுதியிலேயே உரமாக்கிவிட்டால் ஏற்றிச் செல்லும் செலவும் குறையும். ஆனால் உரம் தயாரித்துவிட்டு, வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்து மூடப்பட்ட மையங்கள் ஏராளம். 1995இல் வங்கதேசத்தின் டாக்காவில் தொடங்கிய 'வேஸ்ட் கன்சர்ன்' என்ற அமைப்பு இங்கேதான் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. மிர்பூர் பகுதியில் சிறிய உரக்கூடம் அமைத்ததோடு நிற்காமல், ஓர் உர நிறுவனத்தோடு பேசி, உரம் விவசாயிகளைச் சென்றடைய வழி செய்தது.

தொண்டு நிறுவன நண்பர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நிதி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத்தான் வரும். அது முடிந்ததும் வண்டி துருப்பிடிக்கும், பணிக்கு வந்த பெண்கள் பழையபடி கிடங்குக்குத் திரும்புவார்கள். அதனால் முதல் நாளிலிருந்தே கணக்குப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுங்கள். எடை போடவும், மொத்த வியாபாரியிடம் பேரம் பேசவும் அவர்களே பழகட்டும். கூரையுள்ள பிரிப்புக் கூடம், கழிப்பறை, கையுறை, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைச் சலுகையாகப் பார்க்காதீர்கள், வேலைக்கான அடிப்படைச் செலவில் சேருங்கள். வார இறுதியில் தன்னார்வலர்கள் கடற்கரையைச் சுத்தம் செய்யும் நிகழ்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது இதற்குத் திருப்பலாம்.

உள்ளாட்சிகள் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளோடு இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடத் தயங்குவதில்லை. அந்த ஆலைகளுக்கு நன்றாக எரியும் காகிதமும் பிளாஸ்டிக்கும் வேண்டும், அதாவது பொறுக்குபவரின் வருமானமே அங்கே எரிபொருள். புனேத் தொழிலாளர்களோ ஒப்பந்தக் காலம் முடியும்போது அதைப் புதுப்பிக்கப் போராட வேண்டியிருக்கிறது. ஆலைக்குக் கொடுப்பது போன்ற நீண்ட கால ஒப்பந்தத்தை இந்தக் கூட்டுறவுகளுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. உங்கள் பகுதியில் இப்படி ஒரு குழு இயங்கினால் அதன் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்பே வார்டு கூட்டத்தில் எழுந்து பேசுங்கள்.