அந்த மாணவியைப் பார்த்து ஏன் சிரித்தீர்கள்?

நேற்றைய கலந்துரையாடல் காணொளியில், ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்கு ஈர்ப்பு கொண்ட கருந்துளைக்குப் பக்கத்தில் நேரம் மெதுவாக ஓடுமா என்று ஒரு மாணவி எழுந்து கேட்டார். "இன்டர்ஸ்டெல்லார் பாத்துட்டு இயற்பியல் பேச வந்துட்டீங்களா?" என்று மேடையில் இருந்தவர் அந்த விண்வெளிப் படத்தைச் சொல்லிக் கேட்டதும் அரங்கமே சிரித்ததே, அதுதான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

சினிமா யாருக்கும் இயற்பியல் கற்றுத்தராது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இயற்பியல் மேல் ஆசையை வரவைக்கும். பாடத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். ஆசையே வராதவருக்கு எந்த வகுப்பறையால் என்ன பயன்?

அதே படத்தின் கருந்துளைக் காட்சிக்குச் சமன்பாடுகள் கொடுத்தவர் இயற்பியலாளர் கிப் தோர்ன். அந்த வேலை 2015இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தது. ஈர்ப்பலைகளைக் (விண்வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகளை) கண்டறிந்ததில் ஆற்றிய பங்குக்காக 2017இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவருக்குக் கௌரவக் குறைச்சலாகத் தெரியாத சினிமா உங்களுக்கு மட்டும் ஏன் அப்படித் தெரிகிறது? 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் நடித்த நிஷெல் நிக்கோல்ஸை வைத்துத்தான் 1977இல் நாசா பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்க அழைத்தது. அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992இல் விண்வெளிக்கே போய்வந்தார்.

தப்புத் தப்பாகக் காட்டுகிறார்களே என்பீர்கள். காட்டுகிறார்கள்தான். செவ்வாயில் நடக்கும் 'தி மார்ஷியன்' படத்தில் வருகிற புயலால் நிஜத்தில் ராக்கெட்டைச் சாய்க்க முடியாது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இதைச் சொல்லிக்கொடுத்தால் வளிமண்டலப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். படம் பார்த்தவர்கள் எல்லாம் விஞ்ஞானி ஆகிவிடுவார்களா என்றும் கேட்பீர்கள். பாடப்புத்தகம் படித்தவர்கள் எல்லாரும் ஆகிவிட்டார்களா?

பள்ளியில் நானும் ஒருமுறை கேட்டேன், படத்தில் வருவதுபோல விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்குமா என்று. "படம் பாக்குற நேரத்துல பாடத்தைப் படி" என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. அதன் பிறகு அந்த வகுப்பில் நான் வாய் திறக்கவே இல்லை. காற்று இல்லாத இடத்தில் ஒலி பரவாது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி!

நேற்றும் அதேதான் நடந்தது. கருந்துளைக்குப் பக்கத்தில் நேரம் மெதுவாக ஓடுமா என்ற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், தங்கச்சி. ஓடும். ஈர்ப்பு கூடினால் கடிகாரம் மெதுவாகும். மேலே சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் ஈர்ப்பு குறைவு, அதனால் அங்கே கடிகாரம் வேகமாக ஓடும். வேகமாகப் பறந்தாலும் கடிகாரம் கொஞ்சம் மெதுவாகும்; அந்தத் தாமதத்தைக் கழித்த பிறகும், அவற்றின் கடிகாரங்கள் நாளுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி (ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முந்தி ஓடும். பொறியாளர்கள் அதைத் திருத்தி வைப்பதால்தான் நம் கைபேசி சரியாக வழி காட்டுகிறது. இல்லையென்றால் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் தப்பும். நீ கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. அடுத்த கூட்டத்திலும் எழுந்து கேள்.