மங்கோலியனுக்கு எதற்கு வீடு?

ஊர் கட்டிப் படை திரட்டி மோதும் கணினி ஆட்டமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் இரண்டாம் பாகமா, நான்காம் பாகமா என்று கேட்டால் என் வயதுக்காரர்கள் யோசிக்காமல் இரண்டு என்பார்கள். இரண்டு 1999-இல் வந்த ஆட்டம். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, உணவுக்காகக் காட்டுப்பன்றியை டவுன் சென்டர் என்ற ஊரின் மையக் கட்டடம் வரை இழுத்துவரத் தெரியாமல் வில்லேஜரை, அதாவது வேலையாளை, பலி கொடுத்தவர்கள் நாங்கள். இன்றும் சாப்பிட்டு முடித்ததும் நான் திறப்பது அதைத்தான். ஆனாலும் வரலாற்று ஆட்டம் என்ற பெயருக்குத் தகுதி நான்குக்குத்தான்.

மங்கோலியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் மங்கோலியராக ஆடினாலும் முதல் வேலை வீடு கட்டுவதுதான். ஐந்து பேருக்கு ஒரு வீடு. ஜப்பானியருக்கும் அதே கணக்கு, பிராங்குகளுக்கும் அதே கணக்கு. ஊர் ஊராய்க் குதிரையில் திரிந்த கூட்டம் காலனி போட்டுக்கொண்டிருக்கும்! 2000-இல் வந்த கூடுதல் பாகத்தில் ஹூணர்களுக்கு வீடு வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தார்கள், மங்கோலியரை ஏனோ மறந்துவிட்டார்கள். வேட்டையில் வேகம், மங்குடாய் என்ற குதிரை வில்லாளி என்று சில சலுகைகள் உண்டு. மற்றபடி எல்லாருக்கும் ஒரே சட்டை, பொத்தான் மட்டும் வேறு.

2021-இல் ரெலிக் நிறுவனம் செய்த நான்கில் மங்கோலியருக்கு வீடே கிடையாது. வயலும் கிடையாது, ஆட்டு மந்தைக்கு மேய்ச்சல் நிலம்தான். கல் மதில் எழுப்ப முடியாது. கட்டடங்களைச் சுருட்டி வண்டியாக்கி நகர்த்தலாம். எதிரியின் கட்டடத்துக்குத் தீ வைத்தால் உணவும் தங்கமும் வரும். நாலு ஆட்டம் ஆடிப் பாருங்கள், ஒரே இடத்தில் உட்கார மனமே வராது. மங்கோலியர் ஏன் கொள்ளையடித்தார்கள் என்று பள்ளிப் பாடம் எனக்குச் சொன்னதில்லை, இந்த ஆட்டம் சொன்னது. டெல்லி சுல்தானகமும் அப்படித்தான். ஆராய்ச்சிக்குச் செலவே இல்லை, ஆனால் ஆமை வேகம். மசூதியில் அறிஞர்களை அமர்த்தினால் வேகம் கூடும்.

சரி, இரண்டாம் பாகத்தை முழுசாகக் கைவிட முடியாது. 2022-இல் அதற்கு இந்திய அரசுகளுக்கான கூடுதல் பாகம் வந்தது. அதுவரை 'இந்தியர்' என்று ஒரே மூட்டை, சோழனாக நினைத்து ஆடியவனும் ஒட்டகப் படைதான் கட்டினான். இப்போது திராவிடர் தனியாக இருக்கிறார்கள், உருமி என்ற சுருள் வாள் வீசும் வீரன் இருக்கிறான், ராஜேந்திர சோழனின் கதை இருக்கிறது. (சேர சோழ பாண்டியரை மறுபடியும் ஒரே பெயரில் கட்டியது வேறு வருத்தம்.) திராவிடருக்கு நைட் என்ற கவசக் குதிரை வீரன் கிடையாது. எனக்குப் பிடித்தது அதுதான். பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் கடல் வழியே வந்ததை மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். நைட் இல்லாமல் திணறி, காலாட்படையையும் கப்பலையும் நம்பி ஆடும்போது அந்த வரி நினைவுக்கு வரும்.

பிறகு ஏன் இரண்டையே ஆடுகிறாய் என்றால், சோம்பல். நான்கில் ஒவ்வொரு தரப்பும் ஒரு புதுச் சட்டப் புத்தகம். இருபது வருடம் பழகின விரல்கள் படிக்க மறுக்கின்றன.

போன ஞாயிறு அக்கா மகனோடு நான்கில் மோதினேன். அவன் மங்கோலியன். இருபது நிமிடம் படை திரட்டி, ஒற்றன் பார்த்துவிட்டு வந்த இடத்துக்குப் போனால் வெறும் புல். ஊரையே காணோம்.

"அப்பவே காலி பண்ணிட்டேன் மாமா" என்றான். அவன் குதிரைகள் அந்நேரம் என் டவுன் சென்டருக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தன.