பசிபிக்கில் நடந்து போகக்கூடிய பிளாஸ்டிக் தீவு இருக்கிறதா?

'பசிபிக் கடலில் பிளாஸ்டிக் தீவு மிதக்கிறது, மேலே ஏறி நடக்கலாம், விண்வெளியிலிருந்தே தெரியும்' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அப்படித் தீவு எதுவும் கிடையாது.

ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் நடுவே, நீரோட்டங்கள் சுழலும் இடத்தில் குப்பை சேர்வது உண்மைதான். 2018இல் வெளியான ஆய்வு அதன் பரப்பை 16 லட்சம் சதுர கிலோமீட்டர் என்றும், எடையைச் சுமார் 79,000 டன் என்றும் கணக்கிட்டது. சரி, வகுத்துப் பாருங்கள். சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 கிலோதான் வரும். இதில் எங்கே ஏறி நடப்பது?

எடையில் கிட்டத்தட்டப் பாதி மீன்பிடி வலைகள். ஆனால் எண்ணிக்கையில் 94 சதவீதம் அரை சென்டிமீட்டருக்கும் சிறிய துணுக்குகள். படகில் போனாலே சட்டென்று கண்ணில் படாது. தீவாக இருந்திருந்தால் வாரி எடுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும்!